ஐந்து மாடுகளை விற்பதா, பத்தாகப் பெருக்குவதா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் விவசாயக் காடு, ஐந்து கலப்பின மாடுகள். மூன்று கறவையில் இருக்கின்றன. ஒன்று 11 லிட்டர், ஒன்று 9, ஒன்று 7. நான்காவது ஏழு மாதச் சினை. ஐந்தாவது ஈன்று எட்டு மாதம் ஆகிறது, பால் நின்றுவிட்டது, நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. அரை ஏக்கரில் கோ-4 புல் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு 25 லிட்டர் ஊற்றுகிறோம், சராசரியாக லிட்டருக்கு 36 ரூபாய் விழுகிறது. தீவனம் மாதம் 11 மூட்டை, மூட்டை 1,400 ரூபாய். வைக்கோலுக்கு 3,000, ஊசி மருந்துக்கு 1,500, புல் அறுக்கும் ஆளுக்கு 1,500, பழைய மாட்டுக்கடன் தவணை 3,200. வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விடுவார், எல்லா வேலையும் நான்தான். வங்கியில் இன்னும் ஐந்து மாடு வாங்க 4 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், ‘எல்லாத்தையும் வித்துட்டு நிம்மதியா இரும்மா’ என்கிறான். கன்றுக்குட்டி முகத்தைப் பார்த்தால் விற்க மனசு வரவில்லை, நோட்டைப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. விற்கட்டுமா, பெருக்கட்டுமா?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. உங்களைப்போல வரவு செலவை நோட்டில் எழுதி வைத்துக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலும் ‘பால் விலை பத்தலைங்க’ என்ற ஒரே வரியோடு வருவார்கள். கணக்கு கையில் இருப்பதால்தான் உங்களுக்கு என்னால் நேரான பதில் சொல்ல முடிகிறது. இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், கடன் வாங்கிப் பெருக்கவும் வேண்டாம். உங்கள் கட்டுத்தரையில் இருக்கிற ஐந்தையே சரியாக ஓட்டினால், வங்கிக் கடன் தரப்போவதாகச் சொல்லும் லாபத்தில் பெரும்பகுதி கடன் இல்லாமலேயே வரும். எப்படி என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய எண்களைக் கூட்டிப் பார்த்தேன். பால் வரவு நாளைக்கு 900, மாதம் 27,000. தீவனம் 15,400. மற்ற மூன்று செலவும் சேர்த்து 6,000. மிச்சம் 5,600. அதில் தவணை போக 2,400. நாளைக்கு 80 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கறந்து, கழுவி, புல் சுமந்து, மறுபடி சாயங்காலம் கறக்கும் உழைப்புக்கு 80 ரூபாய் என்றால், மகன் சொல்வதில் தவறே இல்லை. அம்மாவின் முதுகைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை பேசுகிறான்.

ஆனால் 80 ரூபாய் ஏன் என்பதுதான் கேள்வி. விலை போதவில்லை என்பது உண்மைதான். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. தீவனம் ஏறிய வேகத்துக்கு இது ஈடாகவில்லை என்று விவசாயிகள் கேட்பது நியாயம், தொடர்ந்து கேட்கவும் வேண்டும். இருந்தாலும் அந்த விலை உங்கள் கையில் இல்லை. கையில் இருப்பது வேறு: ஐந்து மாட்டில் மூன்றுதான் பால் கொடுக்கிறது. மூன்றின் பாலில் ஐந்து சாப்பிடுகிறது. உங்கள் நோட்டில் இருக்கும் ஓட்டை அதுதான்.

ஒரு கலப்பின மாடு ஈன்றபின் ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும், அடுத்த ஈத்துக்கு முன் இரண்டு மாதம் வற்ற வேண்டும். சினைக்காலம் ஒன்பது மாதம் பத்து நாள். ஆகவே ஈன்ற இரண்டு மூன்று மாதத்துக்குள் சினை நின்றுவிட்டால், பன்னிரண்டு பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று கிடைக்கும். அப்படி ஓடும் பண்ணையில் ஐந்தில் நான்கு எந்நேரமும் கறவையில் இருக்கும். அந்த இடைவெளி பதினாறு, பதினேழு மாதமாக இழுத்துக்கொண்டால் மூன்றுதான் கறவையில் நிற்கும். உங்கள் நிலைமை இப்போது அதுதான். நான்காவது மாடு நாளைக்கு 9 லிட்டர் கொடுத்தால் மாதம் 9,700 ரூபாய் வரவு. அந்த மாடு ஏற்கெனவே உங்கள் வைக்கோலையும் புல்லையும் தின்றுகொண்டுதான் இருக்கிறது. கறவைக்காகக் கூடுதலாக வைக்கும் தீவனம் மாதம் மூவாயிரம் ரூபாய் ஆகும். மிச்சம் ஆறாயிரத்து எழுநூறு. இப்போது கையில் நிற்கும் 2,400 ரூபாயோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஏழு மாதச் சினைமாடு இன்னும் இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும், அதனால் ஒரு வழி தானே திறக்கிறது. அதற்கு இப்போதே நாளைக்கு இரண்டு மூன்று கிலோ அடர்தீவனம், அதாவது அந்த மூட்டைத் தீவனம், வையுங்கள். ஈன்றபின் மடி நிறைவது இந்த இரண்டு மாதத் தீனியில்தான்.

ஈன்று எட்டு மாதமாகியும் சினை நிற்காத அந்த ஐந்தாவது மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அதன் சாப்பாட்டுக்கு மட்டும் நாளைக்கு 120 ரூபாய் ஆகிறது. அது 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 2,500 ரூபாய் போயிற்று. நாலு ஊசி நிற்கவில்லை என்றால் ஐந்தாவது ஊசிக்கு அவசரப்படாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு கையை விட்டுக் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம், கருப்பையில் சீழ்த்தொற்று இருக்கலாம், தாது உப்புக் குறைவாக இருக்கலாம். எல்லாமே சரியாக இருந்து, ஊசி போட்ட நேரம் மட்டும் தவறியும் இருக்கலாம். அடுத்த பருவத்தில் நீங்களே ஒன்றைப் பார்த்து வையுங்கள். வாலுக்குக் கீழே ஒழுகும் சளி கண்ணாடி மாதிரித் தெளிவாக, அறுபடாமல் நூலாக இறங்குகிறதா? அல்லது கலங்கலாக, தயிர்த்துளி மாதிரி வெள்ளை கலந்து வருகிறதா? தெளிவாக இருந்தால் ஊசி போடலாம். கலங்கல் என்றால் முதலில் சிகிச்சை, ஒரு பருவம் விட்டு அடுத்ததில்தான் ஊசி. காலையில் கத்தினால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை என்ற கணக்கை விடாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு இரண்டு பருவம் பாருங்கள். ஊசி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை. அதிலும் நிற்கவில்லை என்றால் அந்த மாட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள். மனசு வலிக்கும், தெரியும். ஆனால் அது தின்கிற தீனியை மற்ற நான்கின் வாயிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அடுத்தது தீவனம். ஐந்துக்கும் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 11 மூட்டையை, மூட்டைக்கு 50 கிலோ என்று வைத்து வகுத்தால், தலைக்கு நாளொன்றுக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. பல வீடுகளில் நடப்பதுபோல எல்லாவற்றுக்கும் ஒரே படிதான் அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பந்தி வைக்கும் தாய்மனசு அது. மாட்டுக்கு அது பொருந்தாது. உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று வைத்துப் பாருங்கள். 11 லிட்டர் மாட்டுக்கு ஆறு கிலோ, ஒன்பதுக்கு ஐந்து, ஏழுக்கு நான்கேகால். வெறுமனே நிற்கும் மாட்டுக்கு ஒன்றரை போதும். இப்போது உங்கள் நல்ல மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது, சும்மா நிற்கும் மாடு கொழுக்கிறது. கொழுத்த மாட்டுக்குச் சினை நிற்பதும் கடினம், இளைத்த மாட்டுக்கும் அப்படியே. இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வயிறு பழக பத்து நாள் கொடுத்து, அரை அரை கிலோவாகக் கூட்டுங்கள், குறையுங்கள்.

தீவனச் செலவைக் குறைக்க உங்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது: காடு. கோ-4 புல் வயிற்றை நிரப்பும், புரதம் அதில் குறைவு. கால் ஏக்கரில் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிரைப் போடுங்கள். ஆறேழு கிலோ பயறுவகைத் தீவனம் ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு ஈடு. கறவையில் இருக்கும் மூன்றுக்கும் தலைக்கு ஏழு கிலோ போட்டு ஒரு கிலோ அடர்தீவனத்தைக் குறைத்தால் நாளைக்கு 84 ரூபாய், மாதம் 2,500 மிச்சம். விதையின் தோல் கெட்டி, அப்படியே தூவினால் முளைக்காது. நன்றாகச் சுட வைத்து இறக்கிய தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு விதையுங்கள். முதல் அறுப்புக்கு மூன்று மாதம் ஆகும், பிறகு நாற்பது நாளைக்கு ஒருமுறை வெட்டலாம், சில வருடம் நிற்கும். கூடவே தாது உப்புக் கலவை, மாட்டுக்கு நாளைக்கு 40, 50 கிராம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் கலவை பக்கத்துப் பயிற்சி மையத்தில் கிடைக்கும். சினை நிற்காத பிரச்சினை பல நேரம் இந்தச் சின்னப் பையிலேயே தீர்ந்துவிடுகிறது.

லிட்டருக்கு 36 என்பதையும் கொஞ்சம் உயர்த்தலாம். கொழுப்புக்கும் இதர சத்துக்கும்தான் சொசைட்டி காசு கொடுக்கிறது. கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியில் காம்பை ஒட்டக் கறக்கும்போது வருவதில்தான் அது குவிந்திருக்கும். கறந்து முடித்த பிறகு கன்றை அவிழ்த்துவிடுகிறவர்கள் அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டுச் சுரப்பு இறங்கியதும் கட்டிவிட்டு, பிறகு ஒட்டக் கறந்துகொள்ளுங்கள். கன்றுக்குச் சேர வேண்டிய அளவு குறையக் கூடாது, மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்தான். கொழுப்பும் இதர சத்தும் எழுதிய சீட்டை ஒவ்வொரு வேளையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர், அதன் உரிமையாளர்களில் ஒருவர். கேட்பதில் சங்கடமே வேண்டாம்.

மடிநோயை மறந்துவிட வேண்டாம். காம்பு வீங்கிக் கட்டி கட்டியாக வந்தால்தான் மடிநோய் என்று நினைக்கிறோம். வெளியே தெரியாமல் பாலைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அதிகம். கறந்து முடித்ததும் காம்பின் துளை அரைமணி நேரம் திறந்திருக்கும். மாடு உடனே சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். ஆகவே கறந்த கையோடு புல்லைப் போடுங்கள், நின்று தின்னட்டும். வீக்கம் தெரிந்தால் மருத்துவர் வரும் வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியை நன்றாகக் கறந்து கழுவிவிட்டு, தண்ணீரில் இளக்கி ஒரு நாளில் பலமுறை தடவலாம். கைவைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம், பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைப்பதுதான். மருத்துவரைக் கூப்பிடுவதை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது வங்கிக் கடன். 4 லட்சத்துக்கு ஐந்து வருடம், பத்தரை சதவீத வட்டி என்று வைத்தாலே மாதத் தவணை 8,600 ரூபாய் வரும். பழைய தவணையோடு சேர்த்தால் 11,800. மாடு வற்றினாலும் தவணை வற்றாது. புதிதாக வரும் ஐந்தும் உங்கள் பழக்கத்தில்தான் வளரப் போகின்றன. ஐந்தில் மூன்று கறக்கும் கட்டுத்தரையில் பத்தில் ஆறுதான் கறக்கும். அரை ஏக்கர் புல், தண்ணீரும் எருவும் சரியாக இருந்தால் ஐந்துக்குச் சரியாக இருக்கும், பத்துக்கு நிச்சயம் எட்டாது. புல்லை விலைக்கு வாங்கி, ஆள் வைத்துக் கறந்து, தவணையும் கட்டி மிச்சம் பிடிக்கிற பண்ணைகள் உண்டு. அவர்கள் முதல் ஐந்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த ஐந்தை வாங்கினார்கள்.

கடனே தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19இலிருந்து மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. 2 லட்சம் வரை தவணை தவறாமல் கட்டினால் வட்டி நாலு சதவீதம்தான் விழும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது. அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் மலிவாக இருக்கும்போது வருடத்துக்கும் சேர்த்து வாங்கிப் போர் போட, வேலிமசால் போட, தீவனத்தை ரொக்கத்துக்கு வாங்க இந்தப் பணம் உதவும். கடைக்காரரிடம் கடன் சொல்லி மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

எல்லா மாட்டுக்கும் காப்பீடு இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024இலிருந்து வளர்ப்பவர் கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே, ஐந்தாக இருந்த வரம்பு பத்து மாடுகளாக உயர்ந்திருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் ஒதுக்கீடு எப்போது வருகிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். காப்பீட்டுக்காக மாட்டுக்குப் போடும் காதுவில்லை விழுந்துவிட்டால் அன்றே சொல்லி மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், வில்லை இல்லாவிட்டால் பணம் கிடைக்காது. 11 லிட்டர் மாடு ஒன்று போய்விட்டால் நீங்கள் எழுந்திருக்க இரண்டு வருடமாகும்.

உங்கள் நோட்டில் எழுதாமல் விட்ட வரவுகளும் இருக்கின்றன, அவற்றை மகனுக்கும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் இரண்டு லிட்டரைக் கடையில் வாங்கினால் மாதம் மூவாயிரம். ஐந்து மாட்டின் எரு உங்கள் ஒன்றரை ஏக்கரை வளமாக வைத்திருக்கிறது. உர மூட்டை எத்தனை குறைந்தது என்று பழைய வருடத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கன்றுகளில் கிடேரி, அதாவது பெண் கன்று, எத்தனை? நன்றாக வளர்த்தால் இரண்டரை வயதில் தலைச்சன் ஈனும். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் வியாழக்கிழமை போய் அதே மாதிரி மாட்டுக்கு விலை கேட்டுப் பாருங்கள், உங்கள் கட்டுத்தரையில் என்ன சேமிப்பு நிற்கிறது என்று தெரியும். அங்கே வாங்கும் மாடு நேற்றிலிருந்து கறக்காமல் மடி கட்டி நிறுத்தியதா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் பிறந்த கிடேரியின் தாய் எவ்வளவு கறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மாடுகளைப் பெருக்க வேண்டுமானால் இந்த வழியில் பெருக்குங்கள். நல்ல மாட்டுக்கு, கிடேரிக்கன்று பிறக்கும்படி பாலினம் பிரித்த ஊசி போடலாம். பத்துக்கு ஒன்பது கிடேரியாகவே பிறக்கும்.

கன்றின் முகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதை ஏதோ பலவீனம் மாதிரி. என் அனுபவத்தில் நல்ல பண்ணைகள் எல்லாம் அந்த மனசில்தான் நிற்கின்றன. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வேலை எதுவும் இல்லாமல், கட்டுத்தரையில் கொஞ்ச நேரம் போய் நிற்பீர்கள் இல்லையா? பருவத்துக்கு வந்த மாடு படுக்காமல் நிற்பதும், பக்கத்து மாட்டின் மேல் தாவப் பார்ப்பதும் அந்த நேரத்திலும் விடியலிலும்தான் தெளிவாகத் தெரியும். கோடையில் பல மாடுகள் கத்துவதே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா, அசைபோடுகிறதா, தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டதா என்பதை மாட்டின் மேல் பிரியம் உள்ளவர்தான் முதல் நாளே கவனிப்பார். முதல் நாள் கவனித்தால் இருநூறு ரூபாயில் முடியும் காய்ச்சல், மூன்றாம் நாள் என்றால் மூவாயிரம் கேட்கும். ஆசையாக நிற்கிற அந்த அரைமணி நேரம் உங்கள் பண்ணையில் அதிகம் சம்பாதிக்கிற நேரம். மனசார நில்லுங்கள்.

பால் பணத்தில் வேறொரு நிம்மதியும் இருக்கிறது. மஞ்சளுக்கு வருடம் காத்திருக்க வேண்டும், விலை என்ன என்பது அறுத்த பிறகுதான் தெரியும். பால் பட்டுவாடா சில நாளைக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும். பேரனுக்கு நோட்டு, மாமியாருக்கு மாத்திரை, யாரிடமும் கேட்காமல் நீங்களே வாங்கலாம். அதனால் கேட்கிறேன், சொசைட்டி உறுப்பினர் அட்டையும் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? உழைப்பது நீங்கள் என்றால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிசான் அட்டைக்கும் அதுவே வசதி.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 80 ரூபாய் 300 ஆனாலும், உங்கள் இடுப்பு தாங்காவிட்டால் மகன் சொல்வதுதான் சரி. புல்வெட்டும் இயந்திரம் ஒன்றும், கட்டுத்தரையிலேயே தண்ணீர்த்தொட்டியும் இருந்தால் குனிவதும் சுமப்பதும் பாதியாகக் குறையும். முதலில் மிச்சமாகும் பணத்தை அதற்குச் செலவழியுங்கள். ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகவேண்டும் என்றால் ஒருவேளை கறக்க ஆள் யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். வருடம் முழுக்க ஒரு நாளும் வெளியூர் போகாமல் யாராலும் பண்ணை நடத்த முடியாது.

அடுத்த ஆறு மாதத்துக்கு நோட்டில் மூன்று பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடும் ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, ஊசி போட்ட தேதி. பால் கணக்கையும் மொத்தமாக இல்லாமல் மாடு வாரியாக எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஐந்தில் நான்கு கறவையில் நின்று, தவணை போக மாதம் எட்டாயிரமாவது கையில் தங்கினால், கிடேரியை வைத்து ஆறு, ஏழு என்று போகலாம். மூன்றிலேயே நின்றால் இரண்டைக் கொடுத்துவிட்டு மூன்று நல்ல மாட்டோடு இருங்கள். அந்த மூன்றில் உங்களுக்கு இப்போதைவிட அதிகமே மிஞ்சும். எட்டு மாத மாட்டின் பரிசோதனையில் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் இந்த மாதமே எனக்கு எழுதுங்கள்.